வீட்டுக்கு அனுப்பிய பிறகு

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. கேக்குறதைச் செஞ்சு குடுங்க." ஜெயங்கொண்டம் வட்டாரத்துக் குடும்பங்கள் இதைத் தஞ்சாவூர் மெடிக்கலில் கேட்டிருக்கும், திருச்சியில் கேட்டிருக்கும், புதுச்சேரி ஜிப்மரில் கேட்டிருக்கும். 2022 ஜனவரியில் திறந்த அரியலூர் மருத்துவக் கல்லூரி வந்தபின் கொஞ்சம் பக்கத்திலேயே கேட்கலாம். சொல்கிற டாக்டர் பெரும்பாலும் நல்லவர்தான். இனி கொடுக்க மருந்தில்லை என்பது உண்மை. அடுத்த ஆள் வராந்தாவில் பாயில் கிடக்கிறார் என்பதும் உண்மை. மகனும் மறுபேச்சுப் பேசுவதில்லை. வாடகைக் கார் பேசி, பின்சீட்டில் படுக்கவைத்து, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு ஊர் திரும்பும்போது, "கைவிரிச்சுட்டாங்களாம்" என்ற சேதி காருக்கு முன்னால் வந்து தெருவில் நிற்கும்.

அதற்கப்புறம் என்ன செய்வதென்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. உயிர் அன்றைக்கே போய்விடுவதும் இல்லை. புற்று முற்றியவருக்கு ஆறு வாரம், ஆறு மாதம். பக்கவாதத்தில் விழுந்தவருக்கு வருடக்கணக்கு. மருத்துவம் முடிந்துவிட்டது என்று குடும்பம் நினைத்துக்கொள்கிற இந்தக் காலத்துக்கென்றே தனி மருத்துவம் ஒன்று இருக்கிறது. வலி நிவாரணம், ஆதரவு சிகிச்சை என்றெல்லாம் பலகையில் எழுதியிருப்பார்கள். அந்தப் பலகைக்கும் இந்தக் காருக்கும் நடுவில் பல மைல் தூரம்.

வீட்டில் சாவது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆஸ்பத்திரியில் செத்தால் அறுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். பிணத்தை ஊருக்குக் கொண்டுவருகிற செலவு இன்னொன்று. இன்று அரசு மருத்துவமனைகளில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது என்றாலும் பழைய பயம் லேசில் போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உயிர் சொந்த வாசற்படிக்கு உள்ளே பிரியவேண்டும் என்ற பிடிவாதம். நகரத்துப் பத்திரிகைகள் வீட்டுச் சாவை நாம் தொலைத்துவிட்ட சொர்க்கம்போல எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். இங்கே அது தொலையவே இல்லை. வீடு இருக்கிறது, கட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குக் கற்றுக்கொடுக்கவும் அவள் பக்கம் நிற்கவும்தான் ஆளில்லை.

வாரியங்காவல், இலையூர்ப் பக்கத்துப் பட்டு நெசவு வீடுகளில் தறி கிடக்கிற அறையே பெரிய அறை. படுத்துவிட்ட மாமியாரின் கட்டிலும் அங்கேதான் வரும். மருமகள் குழித்தறியில் காலை விட்டு மிதித்துக்கொண்டே ஒரு காதைக் கட்டில் பக்கம் வைத்திருப்பாள். முனகல் கேட்டால் எழுந்தாக வேண்டும். எழுந்தால் நெசவு நிற்கும், சேலை இறங்க நாள் தள்ளும், கூலி அதற்கப்புறம்தான். ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர்களில் பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கப் போகாமல் இருக்க முடியாது. தலைமாட்டில் சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போய், உச்சி வெயிலில் ஓடிவந்து புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகிலும் இடுப்பெலும்பிலும் புண் வைக்கும் என்று பாடத்தில் இருக்கிறது. முந்திரிக்காட்டு நேரக்கணக்கு அந்தப் பாடத்தில் இல்லை.

இந்தப் பெண்களோடு பேசிப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: அவர்கள் மாமியாரின் சாவுக்குப் பயப்படுவதைவிட, சாவுக்கு வருகிறவர்களின் வாய்க்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். திருப்பூரிலிருந்து நாத்தனார் வருவாள். சிங்கப்பூரிலிருந்து கொழுந்தன் போனில் கேட்பான். "கடைசியா என்ன சாப்புட்டாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கேள்வி சாதாரணமாகத்தான் தெரியும். கேட்கப்படுபவளுக்கு அது குறுக்கு விசாரணை.

ஏனென்றால் கடைசியில் யாரும் சாப்பிடுவதில்லை. கடைசி வாரங்களில் உடம்பு சோற்றை வேண்டாமென்று தள்ளுகிறது, பசி அடங்கிவிடுகிறது, வற்புறுத்தி ஊட்டினால் புரையேறுகிறது. சாப்பிடாததால் சாகவில்லை, சாகப்போவதால் சாப்பிடவில்லை. இதை ஒரு டாக்டரோ நர்ஸோ வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் கிழவிகளுக்கும் காது கேட்கும்படி சொன்னால் பாதிச் சுமை இறங்கும். சொல்ல ஆளில்லாத வீட்டில் என்ன நடக்கிறது? "ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்தலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஊசி போடத் தெரிந்த ஒருவர் டிவிஎஸ் 50-இல் வருவார். உத்தரத்தில் கயிறு கட்டிப் பாட்டில் தொங்கும். அரை லிட்டர் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லிச் சத்துக்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. இதயமும் சிறுநீரகமும் ஓய்ந்துகொண்டிருக்கிற உடம்பில் அந்த நீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் சேரும். பாட்டில் தொங்குவது நோயாளிக்காக அல்ல, ஊருக்காக. ஏழைக் குடும்பம் தன் மேல் விழப்போகும் பழிக்கு முன்கூட்டியே கட்டுகிற அபராதம் அது. அந்தப் பாட்டிலை ஏளனம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அதற்குப் பதிலாக அந்தப் பெண்ணின் கையில் கொடுக்க நம்மிடம் வேறு என்ன இருக்கிறது?

தாகம் வேறு விஷயம். வாயால் மூச்சுவிடுவதால் நாக்கு வறண்டு வெடிக்கும். அதற்கு டிரிப் உதவாது; சுத்தமான துணியை நனைத்து வாயை ஈரப்படுத்துவதும், உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவுவதும் உதவும். நாளுக்குப் பத்துத் தடவை செய்தாலும் தவறில்லை. சாகிறவரின் தாகம் இந்த மண்ணுக்குப் பழைய கவலை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டி ஆண்ட ராஜேந்திரனின் முடிவு பற்றிய கல்வெட்டு அங்கே இல்லை. செய்யாறு பக்கம் பிரம்மதேசத்தில் இருக்கிறது. மன்னனோடு அவன் தேவி வீரமாதேவியும் உயிர்விட்டதையும், அவளுடைய உடன்பிறந்தவனான சேனாபதி அவர்களின் தாகம் தணியத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடை வைத்ததையும் அது சொல்கிறது. பதினோராம் நூற்றாண்டில் ஒரு படைத்தலைவனுக்கு, இறந்தவர்களுக்காகச் செய்யத் தோன்றியது தண்ணீர் கொடுப்பதுதான். அரசனானாலும் சேனாபதியானாலும் கடைசிக் கவலை தொண்டை வறட்சியில் வந்து நிற்கிறது.

அந்தக் கவலைதான் பால் ஊற்றுவதாகவும் வருகிறது. இழுத்துக்கொண்டு கிடப்பவருக்கு உறவுக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு ஸ்பூன் ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவரின் வாயில் ஊற்றுகிற பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகிறது. இதை மூடப்பழக்கம் என்று மேடையில் முழங்குவதில் பயனில்லை. பாலில் தொட்ட துணியை உதட்டில் வைத்தாலும் சடங்கு நிறைவேறும், யாருக்கும் குறை வராது. நல்ல செவிலியர்கள் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். உயிர் போகாமல் நாள் இழுத்தால் மண்ணாசை என்று சொல்லி, சொந்தக் கொல்லையின் மண்ணைக் கரைத்து நாக்கில் வைக்கிற வழக்கமும் உண்டு. ஜெயங்கொண்டம் பகுதியில் அந்த வழக்கத்துக்கு ஒரு கசப்பு ஒட்டியிருக்கிறது. பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக 1990-களில் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். திட்டம் வரவில்லை, இழப்பீட்டு வழக்குகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் நடந்தன, கடைசியில் நிலத்தைத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. அதற்குள் எத்தனை பேருக்கு, காகிதத்தில் தங்களுடையதாக இல்லாத மண்ணைக் கரைத்து ஊற்றினார்களோ.

தொண்டையில் சேடம் இழுக்கிற சத்தம் இன்னொரு சித்திரவதை. அநேகமாக நினைவு தப்பிவிட்ட நோயாளிக்கு அது தெரிவதில்லை; கேட்கிறவர்களுக்குத்தான் நரகம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் பெரும்பாலும் குறையும். இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல் நடு இரவில் 108-ஐக் கூப்பிட்டு, வழியிலேயே உயிரைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

நாற்றம் பற்றியும் எழுத வேண்டும். இலக்கியப் பத்திரிகைகளில் நோய் வரும், மரணம் வரும், நாற்றம் வராது. வாய்ப்புற்று, மார்பகப் புற்று, கர்ப்பப்பைவாய்ப் புற்று முற்றி வெளியே புண்ணாக வெடித்தால் அந்த நாற்றம் வீட்டை இரண்டாகப் பிரிக்கும். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வராது. கட்டில் கூடத்திலிருந்து திண்ணைக்குப் போகும், திண்ணையிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போகும். சாப்பாட்டுத் தட்டைத் தூரத்திலிருந்து தள்ளிவிடுவார்கள். பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஊர் சொல்லும். அந்த நாற்றம் காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளால் வருவது. வயிற்றுப்போக்குக்கு எல்லோரும் தின்கிற மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி செய்து, கழுவித் துடைத்த புண்ணின் மேல் தூவினால் சில நாளில் நாற்றம் பெருமளவு அடங்கும். மாத்திரை விலை ஓரிரு ரூபாய். கட்டில் கொட்டகையிலிருந்து கூடத்துக்குத் திரும்பும். ஓரிரு ரூபாய்க்கு ஒரு மனிதன் குடும்பத்துக்குள் திரும்பி வர முடிகிற இடத்தில், பாசம் செத்துவிட்டது, கலி முற்றிவிட்டது என்றெல்லாம் நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வலிக்கு வருவோம். கடும் வலியை அடக்கும் மார்ஃபின் அபினிலிருந்து எடுப்பது. உலகத்துக்கு அபின் விளைவித்துக் கொடுத்த நாடு இது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க விரித்த வலையில் நோயாளி சிக்கினான். ஒரு பெட்டி மாத்திரை வாங்க ஏகப்பட்ட உரிமம் என்றானதும், கடைகளும் ஆஸ்பத்திரிகளும் மார்ஃபின் வைப்பதையே விட்டுவிட்டன. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த பயன்பாடு 1997-இல் வெறும் 18 கிலோ. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையத்துக்கு ஒற்றை அனுமதி போதும் என்று ஆக்கினார்கள். சட்டம் இளகியும் மனம் இளகவில்லை. மார்ஃபின் கொடுத்தால் பழகிவிடும், சீக்கிரம் போய்விடுவார் என்று டாக்டர்களிலேயே பலர் நம்புகிறார்கள். லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி வந்தபின் கெஞ்சவிட்டுக் கொடுக்காமல், வருமுன் மணி பார்த்துக் கொடு என்றார் அவர். நாலு மணிக்கொருதரம் வாய்வழியாக, கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. இதில் கம்ப சூத்திரம் ஏதுமில்லை. ஆனால் மாத்திரை தீர்ந்தால் ஜெயங்கொண்டத்துக்காரர் புதுச்சேரிக்கோ தஞ்சைக்கோ பஸ் ஏற வேண்டுமென்றால், ஒருநாள் கூலியும் போய்ப் பஸ் காசும் போய், அதற்குள் வலி முந்திக்கொள்ளும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டுப்படிக்குக் கொண்டுவந்தது, 2024-இல் ஐ.நா. விருதும் பெற்றது. மாத்திரை கொண்டுவரும் பெண் அந்த ஊர் மகளிர் குழுவிலிருந்தே வந்தவர். அத்தோடு வட்டாரத்துக்கு ஒரு ஆதரவு சிகிச்சைச் செவிலியர், ஒரு இயன்முறை மருத்துவர் என்று அமைத்தார்கள். புண்ணைக் கட்ட, மூத்திரக் குழாய் மாற்ற, புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லித்தர ஒருவர் வண்டியில் வருகிறார் என்பது பத்து வருடத்துக்கு முன் நினைத்துப் பார்க்காத சங்கதி. ஆனால் ஜெயங்கொண்டம் ஒன்றியத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் படுக்கையில் கிடப்பவர்கள் எத்தனை பேர்? அந்தச் செவிலியர் ஒரு வீட்டில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் அடுத்த வீடு நாளைக்கு. உட்கார வேண்டிய வேலையில் ஓட விட்டிருக்கிறோம்.

உடனே கேரளத்தைப் பார் என்பார்கள். பார்க்க வேண்டியதுதான். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய சங்கம், பிறகு அக்கம்பக்கத்து ஆட்களே வாரம் இரண்டு மணி நேரம் கொடுக்கிற வலையாக மலப்புரம் முழுதும் பரவியது. 2008-இல் மாநில அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் பணம் ஒதுக்கின. எனக்குப் பிடித்தது அவர்களுடைய அரிசி. நோயாளிக்கு மருந்து தருவதோடு நிற்காமல் வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு என்று போனார்கள். குடும்பம் என்பது நோயாளியின் துணைக்கருவி அல்ல, அதுவும் நோய்ப்பட்டுக் கிடக்கிறது என்று புரிந்துகொண்டவர்களுக்கே அரிசி தோன்றும்.

அதை அப்படியே தூக்கிவந்து இங்கே நட முடியுமா என்றால், எனக்குச் சந்தேகம். அங்கே நூலகமும் சங்கமும் வளைகுடாப் பணமும் இருந்தன. இங்கே ஊர்த்தெரு, காலனித்தெரு என்று இரண்டு இருக்கின்றன. காலனியிலிருந்து வரும் தன்னார்வலர் ஊர்த்தெருக் கிழவரின் உடம்பைத் துடைத்துவிட அந்த வீடு சம்மதிக்குமா? ஊர்த்தெருப் பெண் காலனிக் கட்டிலில் உட்கார்ந்து மலம் அள்ளுவாளா? புண்ணுக்குச் சாதி இல்லை என்பது வசனம். புண்ணைத் தொடுகிற கைக்கு இன்னும் இருக்கிறது. சம்பளமும் சீருடையும் உள்ள அரசு ஊழியர் இங்கே அவசியம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். நட்பை நம்பி இந்த வேலையை விட முடியாது.

இதையெல்லாம் செய்யாமல் குடும்பத்தைத் தனியே விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு நமக்கு வேறு மாநிலத்து உதாரணம் தேவையில்லை. விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தல் 2010-இல் செய்தியாக வெளியே வந்தது. படுத்துவிட்ட முதியவருக்குத் தலைநிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் காய்ச்சல் வரவழைத்து முடித்துவிடுவது. பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' அதைப் படமாக்கித் தேசிய விருது வாங்கியது. அரியலூர்ப் பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் தூக்கமில்லாத பெண்கள் "போயிட்டா தேவலாம்" என்று சொல்லி உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். யாருக்குத் தேவலாம் என்று அவர்களும் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த வாக்கியத்தைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல் காதில் வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால் அது அங்கேயே கரைந்துவிடும்.

காசும் அதே வாசலில் நின்றுவிடுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்வரை ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் கட்டும். வீட்டுக் கட்டிலுக்கு மாறிய நிமிடமே அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். பெரியவர்களுக்கான டயாப்பர், தண்ணீர் மெத்தை, கையுறை, பஞ்சு எல்லாம் சொந்தச் செலவு. நூறு நாள் வேலைக்குப் போக முடியாமல் பார்த்துக்கொள்பவளுக்கு எந்தப் பதிவேட்டிலும் வருகை போடுவதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் படுக்கைச் செலவாக அரசு கட்டுகிற தொகையில் ஒரு பங்கை, வீட்டில் வைத்துப் பார்க்கிற பெண்ணின் கையில் கொடுத்தால் என்ன என்று கேட்டால், ஆளுக்கு ஆள் ஏமாற்றுவார்கள் என்பார்கள். ஏமாற்றுவதற்காகப் பீத்துணி துவைக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்று பார்த்துவிடலாமே.

சாவு விழுந்த வீட்டுக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் போய் நிற்கிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. மாலை வாங்கிப் போகாவிட்டாலும், பந்தலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். நாத்தனார் கேட்பாள், கடைசியா என்ன சாப்புட்டாங்க என்று. "நான்தான் ஊட்ட வேண்டாம்னு சொன்னேன்மா. பொரையேறிடும். உங்க அண்ணி ராத்திரி பகலா வாயை நனைச்சுக்கிட்டே இருந்தாங்க." கருமாதி வரை நீளவேண்டிய விசாரணை அந்த இடத்தில் முடிந்துபோகும். புண் கட்டியதும் குழாய் மாற்றியதும் அரசுக் கணக்கில் ஏறும். இந்தச் சாட்சியம் ஏறாது. ஆனால் அந்த மருமகள் மிச்சக் காலம் முழுக்கத் தலைநிமிர்ந்து அந்தத் தெருவில் நடப்பதற்கு வேண்டியது அதுதான்.

பாக்கியிருப்பது ராத்திரி. செவிலியரின் வண்டி சாயங்காலத்துக்குமேல் வராது. வலியும் மூச்சுத்திணறலும் பயமும் பெரும்பாலும் விளக்கணைத்தபின் வரும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையில் இரவு முறையில் ஒரு நர்ஸ் எப்படியும் விழித்திருக்கிறார். வட்டாரத்தில் படுக்கையில் கிடப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அவர் மேஜையில் கிடக்கட்டும். ஒரு போன் எண்ணை அந்தந்த வீட்டுச் சுவரில் கரியால் எழுதிவைக்கட்டும். இரண்டு மணிக்குக் கூப்பிட்டால், "பயப்படாதம்மா, ஒருக்களிச்சுப் படுக்க வை, தலகாணி வச்சுத் தலையைத் தூக்கு, வாயில எதையும் ஊத்தாத, காலையில சிஸ்டர் வருவாங்க" என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகும்.